குழாய் உள்ள பாதையும் குழாய் இல்லாத பாதையும்

அரிசோனாவின் கிராண்ட் கேன்யனில், தென் விளிம்பிலிருந்து கொலராடோ ஆற்றுக்கு இறங்க நன்றாகப் பராமரிக்கப்படும் நடைபாதைகள் இரண்டு. ஒன்று சவுத் கைபாப், மற்றது பிரைட் ஏஞ்சல். இரண்டின் தொடக்கங்களுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான் தூரம். இரண்டும் போய்ச் சேருவது ஆற்றங்கரையில் உள்ள ஒரே முகாமுக்கு. கைபாப் வழியாக அந்த முகாம் 11 கிலோமீட்டர். அத்தனை தூரத்துக்கும் ஒரு சொட்டுக் குடிநீர் கிடையாது. பிரைட் ஏஞ்சல் வழியாக 15 கிலோமீட்டர். ஆனால் வழியில் குழாய்கள் உண்டு, ஓய்வுக் கூடங்கள் உண்டு, நடுவழியில் ஊற்றும் மரநிழலும் உண்டு.

எது ஆபத்தான பாதை என்று கேட்டால் முதல்முறை வருகிறவர் யோசிக்காமல் கைபாப்பைக் காட்டுவார். செங்குத்து அதிகம், நிழல் இல்லை, நீர் இல்லை; வேறென்ன வேண்டும்? பாதையை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரி. நடக்கிறவரையும் சேர்த்துப் பார்த்தால் அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கைபாப்பில் இறங்குகிறவர் தனக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்ற கணக்கை மேலேயே போட்டு முடித்தாக வேண்டும். பிரைட் ஏஞ்சலில் அந்தக் கணக்கைக் குழாயிடம் ஒப்படைத்துவிடலாம், பெரும்பாலோர் ஒப்படைத்தும் விடுகிறார்கள். இந்த இரண்டு பாதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தூண்டுதல் இதுதான்.

முதலில் பாறையைப் பார்க்கலாம், வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது. கேன்யனின் பழைய பாதைகள் ஏறக்குறைய எல்லாமே நிலப்பிளவுகளைப் பிடித்துக்கொண்டு இறங்குபவை. ரெட்வால் என்னும் சுண்ணாம்புப் பாறை சுமார் 150 மீட்டர் உயரத்துக்குச் சுவராக நிற்கிறது. அதில் மனிதனோ காட்டாடோ இறங்க வேண்டுமானால் சுவர் எங்கேயாவது உடைந்து சரிந்திருக்க வேண்டும். பிரைட் ஏஞ்சல் பிளவு அப்படி ஓர் உடைப்பு. விளிம்பில் பெய்யும் மழையும் உருகும் பனியும் மேலடுக்குச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, ரெட்வாலையும் அதற்கடியில் உள்ள முவாவ் அடுக்கையும் சென்றடைகின்றன. அதற்கும் கீழே இருப்பது களிப்பாறை, நீரை எளிதில் உள்ளே விடாது. கீழே போக வழியில்லாத நீர் பக்கவாட்டில் நகர்ந்து, பிளவு வெட்டிவிட்ட இடத்தில் ஊற்றாக வெளியே வருகிறது. விளிம்புக்கு 900 மீட்டருக்கும் கீழே, ஹவாசுபாய் கார்டன்ஸ் என்ற பசுந்திட்டு உண்டானது இப்படித்தான்.

சவுத் கைபாப் எந்தப் பிளவையும் தேடவில்லை. சீடர் ரிட்ஜ் என்ற முகட்டின் முதுகில் ஏறிக்கொண்டு அப்படியே இறங்குகிறது. முகட்டில் விழுந்த மழை இரண்டு பக்கமும் வழிந்து போய்விடும், அங்கே ஊற்றுக்கு இடமில்லை. பக்கச் சுவர்கள் இல்லாததால் காலை வெயில், உச்சி வெயில், மாலை வெயில் மூன்றும் முழுதாக மேலே விழும். அதற்கு ஈடாகக் கிடைப்பது காட்சி. பிரைட் ஏஞ்சலில் பாதித் தூரம் வரை எதிரே இருக்கும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நடக்கிறோம். கைபாப்பில் தொடங்கிய அரைமணி நேரத்தில் கிழக்கும் மேற்கும் வடக்கும் ஒருசேரத் திறந்துவிடுகின்றன.

தாகத்துக்கு ஒன்றும் இல்லாத முகட்டில், அதுவும் ஊற்றுள்ள ஒரு பாதை பக்கத்திலேயே இருக்கும்போது, எவரும் ஏன் புதுப் பாதை வெட்ட வேண்டும்? இங்கே பாறையை விட்டுவிட்டுப் பணத்துக்கும் அரசியலுக்கும் வரவேண்டியிருக்கிறது.

ஊற்றுக்கு இறங்கும் வழி ஹவாசுபாய் மக்களுடையது. அவர்கள் அங்கே குடியிருந்து பயிர் செய்தவர்கள். 1890, 1891ஆம் ஆண்டுகளில் பீட் பெர்ரி, ரால்ஃப் கேமரன் முதலிய சுரங்கக்காரர்கள் அந்த வழியை வெட்டி அகலப்படுத்தினார்கள். தாமிரம் எதிர்பார்த்த அளவுக்குக் கிடைக்கவில்லை, சுற்றுலாப் பயணிகள் கிடைத்தார்கள். 1901இல் சாண்டா ஃபே ரயில் தென் விளிம்புக்கே வந்துவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பாதையின் கட்டுப்பாடு கேமரனின் கைக்கு வந்தது. இறங்கும் ஒவ்வொரு குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் ஒரு டாலர் சுங்கம். சுங்க உரிமை காலாவதியாகிவிடக் கூடாது என்று, பாதையின் முக்கியமான இடங்களிலெல்லாம் சுரங்க உரிமை கோரிப் பதிவு செய்துவைத்தார். தலைவாசலும் ஊற்றும் அதில் அடக்கம். அந்த இடங்களில் தோண்டி எடுக்கத் தாது எதுவும் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். அவருடைய சுரங்கம் பயணிகளின் தாகம்தான்.

ஊற்றின் மதிப்பு என்ன என்பதை உணர, அந்தக் காலத்து விளிம்பில் நீர் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இருக்கவே இல்லை. ரயில் நிறுவனம் சுமார் 190 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டெல் ரியோவிலிருந்து தொட்டி வண்டிகளில் நீர் கொண்டுவந்து தன் விடுதிகளை நடத்தியது. பிரைட் ஏஞ்சல் தலைவாசலில் புகைப்பட நிலையம் வைத்திருந்த கோல்ப் சகோதரர்களின் கதை இன்னும் வேடிக்கை. காலையில் கோவேறு கழுதைகளில் ஏறிப் புறப்படும் பயணிகளை அவர்கள் படமெடுப்பார்கள். படத்தைக் கழுவும் அளவுக்கு நல்ல நீர் மேலே இல்லை. எமரி கோல்ப் எடுத்த படங்களைத் தூக்கிக்கொண்டு 7 கிலோமீட்டர் கீழே ஓடுவார். ஊற்றருகே கட்டியிருந்த இருட்டறையில் கழுவி அச்செடுத்துக்கொண்டு, பயணிகள் திரும்புவதற்குள் அதே 7 கிலோமீட்டரை மேலே ஓடி வந்து அவர்களிடமே விற்பார். ஒரு புகைப்படத்துக்காக 900 மீட்டர் இறங்கி 900 மீட்டர் ஏறிய அந்த மனிதரை நினைத்துக்கொண்டால், இன்று அதே தூரத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கலாம்.

கேமரனைச் சுற்றிப் போக முதலில் பாதை போட்டது அரசு இல்லை, ரயில் நிறுவனம். 1910களின் தொடக்கத்தில் மேற்கே ஹெர்மிட் பாதையை அது கட்டியதற்குச் சுங்கம் ஒரு பெரிய காரணம். 1919இல் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா ஆனது. 1920இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேமரனின் சுரங்க உரிமைக் கோரிக்கைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே 1920இல் அரிசோனா மக்கள் அவரை செனட்டுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். வழக்கில் தோற்ற மனிதர் பூங்காவின் நிதியில் கை வைக்கும் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார், கை வைக்கவும் பார்த்தார்.

அதற்குள் பாதையின் சட்டப்படியான உரிமை கோகோனினோ கவுண்டியிடம் இருந்தது. அதை வாங்கிக்கொள்ள 1924இல் காங்கிரஸ் 1,00,000 டாலர் வரை ஒதுக்கியது. அந்த நவம்பரில் கவுண்டி வாக்காளர்கள் விற்க மறுத்தார்கள். மறுமாதமே தேசியப் பூங்காத் துறை, இன்று கைபாப்பின் தலைவாசல் இருக்கும் யாகி பாயிண்டில் வெடிமருந்தோடு வேலையைத் தொடங்கிவிட்டது. ஒரு குழு மேலிருந்தும் ஒரு குழு கீழிருந்தும் வெட்டிக்கொண்டு வந்து, 1925 ஜூனில் கைபாப் பாதையை முடித்தார்கள். ஆக, கைபாப்பில் நீர் இல்லாதது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நீர் இருந்திருந்தால் அந்த முகட்டையும் யாராவது முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வளைத்துப் போட்டிருப்பார்கள். எவருக்கும் வேண்டாத நிலமாக இருந்ததால்தான் எல்லோருக்குமான பாதை அங்கே அமைந்தது.

கதை இங்கே நல்லபடியாக முடிந்துவிடவில்லை. கைபாப் பாதையின் அடியில் ஆற்றைக் கடக்கும் தொங்குபாலம் 1928இல் கட்டப்பட்டது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள இரும்பு வடங்களைச் சுருட்டிக் கழுதை மேல் ஏற்ற முடியாது. 42 ஆட்கள் வரிசையாக நின்று, நீளமான வடத்தை அப்படியே தோளில் தாங்கி, வளைவு வளைவாக நடந்து இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஹவாசுபாய் ஆண்கள். அதே 1928இல் கவுண்டி பிரைட் ஏஞ்சலையும் பூங்காவுக்குக் கொடுத்துவிட்டது, சுங்கம் ஒழிந்தது. அதே ஆண்டில்தான் ஊற்றருகே கடைசியாகக் குடியிருந்த ஹவாசுபாய்க்காரரான கேப்டன் பர்ரோவும் அங்கிருந்து வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டார். சுங்கக்காரர் போனதும் நீர் பொதுவாயிற்று என்று பெருமைப்படும் வரலாற்றில் இந்த வரியையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அந்த இடத்துக்கு ஹவாசுபாய் கார்டன்ஸ் என்ற பெயர் அதிகாரபூர்வமாக வந்தது 2022 நவம்பரில். அதுவரை வரைபடங்களில் இருந்தது இந்தியன் கார்டன்.

இனி நடையைப் பார்க்கலாம்.

கைபாப்பின் தலைவாசலுக்குச் சொந்தக் காரில் போக முடியாது, பூங்காவின் இலவசப் பேருந்தில்தான் போக வேண்டும். இதுவே ஒரு சல்லடை. பேருந்துக்காக விடியலில் எழுந்தவர் நீர்ப்பையை நிரப்பிக்கொண்டுதான் வந்திருப்பார். முதல் வளைவுகள் சுவரோடு ஒட்டி மடங்கி மடங்கி இறங்குகின்றன. 1.4 கிலோமீட்டரில் ஊ ஆ பாயிண்ட் என்ற திருப்பத்தில் பள்ளத்தாக்கு முதன்முதலாக முழுதாகத் திறக்கும். அங்கே எழும் சத்தத்தைத்தான் பெயராக வைத்திருக்கிறார்கள். 2.4 கிலோமீட்டரில் சீடர் ரிட்ஜ். செம்மண், குட்டை மரங்கள், கழிவறை. குழாய் இல்லை. பாதி நாள் நடக்க வந்தவர்களுக்கு இதுவே எல்லை.

பாதையின் தரையைக் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். மழையில் மண் அரிக்காமலிருக்கக் குறுக்கே மரக்கட்டைகளும் கற்களும் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஆற்றங்கரையிலுள்ள ஃபேன்டம் ராஞ்ச் விடுதிக்குச் சாமான் கொண்டுபோகும் கோவேறு கழுதைகள் மிதித்து மிதித்து, கட்டைகளுக்கு இடையிலுள்ள மண் குழிந்துவிடுகிறது. படி என்று நினைத்துக் கால் வைத்தால் ஒரு சாண் கூடுதலாக இறங்கும். ஒவ்வோர் இறக்கத்திலும் முழங்கால் ஒரு குத்து வாங்குகிறது, கால் விரல்கள் காலணியின் முனையில் போய் இடிக்கின்றன. இரண்டாம் நாள் கட்டைவிரல் நகம் கறுத்துப்போவது இதனால்தான். அந்தக் குழிகளில் கழுதை மூத்திரம் தேங்கி, வெயிலில் நெடி அடித்துக்கொண்டிருக்கும். கோடையில் கைபாப்பில் கண்ணில் படும் தேங்கிய நீர் அது ஒன்றுதான்.

4.8 கிலோமீட்டரில் ஸ்கெலிட்டன் பாயிண்ட். ஆறு முதலில் தெரிவது இங்கேதான். நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் வேளையில், 800 மீட்டருக்கும் கீழே, கைக்கு எட்டாத ஆறு. இந்தக் காட்சிதான் பலரைத் தவறு செய்யவைக்கிறது என்று நினைக்கிறேன். ஆறு தெரிந்துவிட்டதே, இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று கால் தானாக இறங்கும். அந்தக் கொஞ்ச தூரம் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல். அதில்தான் ரெட்வால் சுவரைச் செதுக்கி இறக்கிய மடிப்புகள் வருகின்றன. அவற்றைத் தாண்டி டிப் ஆஃப் என்ற இடத்தில் கழிவறையும் அவசரத் தொலைபேசியும் உண்டு. அங்கும் குழாய் கிடையாது.

ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. நான்கு லிட்டர் தூக்கிக்கொண்டு இறங்குகிறவருக்கு ஒவ்வொரு மிடறும் பாரத்தைக் குறைக்கிறது. எவ்வளவு குடித்தோம், எவ்வளவு மிச்சம் என்று முதுகே சொல்லிவிடும். பாதி தீர்ந்தால் திரும்ப வேண்டும் என்று எந்தப் பலகையும் சொல்ல வேண்டியதில்லை. சொல்லப்போனால் பாதி தீருமுன்பே திரும்ப வேண்டும், ஏறுவதற்கு இறங்கியதைப்போல இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். பாலையில் தனக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்று உடம்பால் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பாதை அங்கே இல்லை.

பிரைட் ஏஞ்சலின் வாசல் ஊருக்கு நடுவில் இருக்கிறது. ரயில் நிலையம், எல் டோவார் விடுதி, கோல்ப் சகோதரர்களின் பழைய புகைப்பட நிலையம், ஐஸ்கிரீம் விற்கும் கடை எல்லாம் நடக்கும் தூரத்தில். விடுதியில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, கொஞ்சம் இறங்கித்தான் பார்ப்போமே என்று செருப்புக் காலோடு வருகிறவர்களை எந்நேரமும் பார்க்கலாம். பாதையும் அவர்களை வரவேற்கிறது. தொடக்கத்திலேயே பாறையைக் குடைந்த சிறு சுரங்க வழி; அதன் பின் சுவர் நிழலில் அகலமான, நிதானமான இறக்கம். 2.4 கிலோமீட்டரில் ஓர் ஓய்வுக் கூடம், குழாய். 4.8 கிலோமீட்டரில் இன்னொரு கூடம், இன்னொரு குழாய். இரண்டும் 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் வேலைத் திட்டத்தில் சேர்ந்த இளைஞர்கள் கல்லடுக்கிக் கட்டியவை. கோடையில் அந்தக் குழாயடிகளில் வரிசை நிற்கும். முகத்தில் அடித்துக்கொள்கிறவர்கள், தொப்பியை நனைக்கிறவர்கள், பாட்டிலை நிரப்ப வந்த அணில்களை விரட்டுகிறவர்கள்.

அணில்கள் பாட்டில் நிரப்புவதில்லைதான். ஆனால் உறை கிழித்துத் தின்பண்டம் எடுப்பதில் அவை மனிதரை விஞ்சியவை.

ஒவ்வொரு குழாயும் அடுத்த குழாயைக் கைகாட்டுகிறது. முதல் குழாயில் நீர் குடித்துத் தெம்பானவருக்கு இரண்டாவது குழாய் பக்கம். இரண்டாவதில் நின்றால் கீழே ஹவாசுபாய் கார்டன்ஸின் பச்சை தெரிகிறது. அங்கே ஓங்கி வளர்ந்த காட்டன்வுட் மரங்கள், சலசலக்கும் ஓடை. 7.2 கிலோமீட்டரில் அங்கே போய்ச் சேர்ந்தால், ஆற்றை எட்டிப் பார்க்கும் பிளேட்டோ பாயிண்டுக்கு இன்னும் 2.4 கிலோமீட்டர் சமவெளி நடைதான் என்று ஒரு பலகை. எந்த இடத்திலும் நீர் தீரவில்லை, ஆகவே எந்த இடத்திலும் திரும்பத் தோன்றவில்லை. திரும்பும் எண்ணம் வரும்போது பகல் ஒரு மணி, மேலே 900 மீட்டர் ஏற்றம். நீர் இருக்கிறது, கால் இல்லை.

காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையே கோடையில் நடக்காதீர்கள் என்பது பூங்காவின் நிலையான எச்சரிக்கை. விளிம்பில் இதமாக இருக்கும் அதே பொழுதில் ஆற்றங்கரையில் 11 முதல் 17 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் கூடுதல். உட்பள்ளத்தில் 43 டிகிரியைத் தாண்டுவது கோடையில் சர்வசாதாரணம். அங்கே இருக்கும் கறுத்த விஷ்ணு பாறை, சுமார் 170 கோடி ஆண்டு வயதுடையது, பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இருட்டிய பிறகும் அனலாக வெளியே விடுகிறது. இந்த உலையில் இரண்டு பாதைகளும் சமம்: கைபாப்பில் டிப் ஆஃபுக்குக் கீழே உள்ள பகுதியும், பிரைட் ஏஞ்சலில் டெவில்ஸ் கார்க்ஸ்க்ரூ என்ற திருகுவளைவுகளும். பக்கத்தில் ஓடை இருப்பதால் பாறையின் சூடு குறைந்துவிடுவதில்லை, உடம்பை நனைத்துக்கொள்ள வழி கிடைக்கிறது, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் சில சமயம் உயிரைக் காப்பாற்றும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கைபாப்பில் அதுவும் கிடையாது.

1996 கோடையில் நேர்ந்த சாவுகளுக்குப் பின், 1997இல் பூங்கா ஒரு தடுப்பு ரோந்தைத் தொடங்கியது. மயங்கி விழுந்தபின் தூக்கப் போவதைவிட விழுமுன் பேச்சுக் கொடுப்பது மேல் என்ற எண்ணம். ரோந்துக்காரர்கள் பாதையில் நின்று, எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், கையில் என்ன சாப்பாடு என்று சாதாரணமாகக் கேட்பார்கள். கையில் எவ்வளவு நீர் என்பது அந்தக் கேள்விகளில் ஒன்றே ஒன்று.

சாப்பாட்டைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. வியர்வையில் நீரோடு உப்பும் போகிறது. வறண்ட காற்றில் வியர்வை பிசுபிசுக்காமல் உடனே உலர்ந்துவிடுவதால் எவ்வளவு இழந்தோம் என்றே தெரியாது. சட்டையில் வெள்ளைக் கோடாக உப்பு பூத்திருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றும் தின்னாமல் நீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகிறது. தலைவலி, குமட்டல், குழப்பம், கடைசியில் வலிப்பு. முதல் அறிகுறிகள் வெப்பச் சோர்வுக்கும் இதற்கும் ஏறக்குறைய ஒன்றே. பக்கத்தில் இருப்பவர் நல்ல எண்ணத்தோடு இன்னும் கொஞ்சம் குடி என்று பாட்டிலை நீட்டினால் நிலைமை மோசமாகும். குழாய் உள்ள பாதையில் இந்த வாய்ப்பு அதிகம் என்பது வெறும் தர்க்கம்தான். அளவில்லாமல் குடிக்க நீர் இருக்கும் இடத்தில்தானே அளவில்லாமல் குடிக்க முடியும்? ஃபீனிக்ஸ் பக்கமிருந்து வார இறுதியில் வரும் தமிழ்க் குடும்பங்கள் எலுமிச்சைச் சாதத்தையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் கட்டிக்கொண்டு இறங்கினால், விலை கொடுத்து வாங்கும் உப்புப் பொடிப் பொட்டலங்களை விட்டுவிட்டே வரலாம். சாதம் மட்டும் சீக்கிரம் கெட்டுவிடும், காலையிலேயே தின்றுவிட வேண்டும்.

பிரைட் ஏஞ்சலின் நீரைப் பற்றி இன்னொன்று. ஓய்வுக் கூடக் குழாயில் வருவது நடுவழி ஊற்றின் நீர்தான் என்று நினைத்துக் குடிப்பவர்கள் உண்டு. 1930களின் தொடக்கத்தில் ஊற்று நீரைத்தான் விளிம்புக்கு ஏற்றினார்கள், உண்மை. கூட்டம் பெருகவே அது போதவில்லை. 1965 முதல் 1970 வரை, எதிர்ப்பக்கம் வட விளிம்புக்கு அடியில் உள்ள ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றிலிருந்து 20 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் பதித்தார்கள். வேலை நடக்கும்போதே 1966 டிசம்பர் வெள்ளம் பெரும்பகுதியை அடித்துக்கொண்டு போக, மறுபடியும் போட்டார்கள். அந்த நீர் பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி, நடைபாலத்தோடு சேர்ந்து ஆற்றைக் கடந்து, ஹவாசுபாய் கார்டன்ஸ் வரை தானாக ஏறி, அங்கிருந்து பம்பு வைத்துத் தென் விளிம்புக்கு ஏற்றப்படுகிறது. ஊற்றருகே நின்றுகொண்டு, ஆற்றுக்கு அந்தப்புறத்து நீரைக் குடிக்கிறார்கள்.

இந்தக் குழாய் அடிக்கடி உடைகிறது. 2010 முதல் 85 தடவைக்கு மேல் பெரிய உடைப்புகள். 2024 ஆகஸ்டில் அடுத்தடுத்து நான்கு உடைப்புகள் ஏற்பட்டு, ஆகஸ்ட் 29 முதல் தென் விளிம்பில் இரவு தங்குவதையே சில நாட்கள் நிறுத்த வேண்டியதாயிற்று. அதுவும் விடுமுறை வார இறுதிக்கு முன்பாக. குழாய் அமைப்பைச் சீரமைக்கும் 20.8 கோடி டாலர் திட்டம் 2023இல் தொடங்கியது. அது முடியும்வரையும், முடிந்த பிறகும்கூட, எந்தக் குழாயில் இன்று நீர் வருகிறது என்று பூங்கா வெளியிடும் நிலவரத்தைப் பார்க்காமல் பிரைட் ஏஞ்சலில் இறங்குவது புத்திசாலித்தனம் ஆகாது. நீர் வரும் என்று ஒற்றை பாட்டிலோடு இறங்கியவர் மூடிய குழாயின் முன் நிற்கும்போது, அவர் நிற்பதும் கைபாப்பைப் போலக் குடிநீர் இல்லாத பாதையில்தான். கைபாப்பில் எதுவும் உடைவதற்கில்லை.

இதையெல்லாம் சொல்வதால் கோடையில் கைபாப் வழியாக ஏறலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விடியுமுன் கைபாப்பில் இறங்கி, இரவு கீழே தங்கி, மறுநாள் பிரைட் ஏஞ்சலில் ஏறுவது என்ற பழைய வழக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. உடம்பு புதிதாக இருக்கும்போது வறண்ட பாதை, களைத்திருக்கும்போது குழாய் உள்ள பாதை என்று அது சரியாகவே பங்கு போடுகிறது. ஆட்களைச் சுமக்கும் கோவேறு கழுதைகள் இதற்கு நேர் எதிராகப் போகின்றன: பிரைட் ஏஞ்சலில் இறங்கி, தூரம் குறைந்த கைபாப்பில் ஏறுகின்றன. கழுதையை மாதிரியாகக் கொள்ள வேண்டியதில்லை. அதற்கு நான்கு கால்.

ஆற்றுவரை போகாமல் அரைநாள் மட்டும் நடக்க வருகிறவருக்குத்தான் என் யோசனை வழக்கத்துக்கு மாறானது. அவருக்கு எல்லோரும் பிரைட் ஏஞ்சலைச் சொல்வார்கள், நீர் இருக்கிறதே என்று. நான் கைபாப்பைச் சொல்வேன்: விடிகாலை, சீடர் ரிட்ஜ் வரை, இரண்டு லிட்டருக்குக் குறையாத நீர், வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். அங்கே மேற்கொண்டு இறங்கச் சொல்லி எந்தக் குழாயும் ஆசை காட்டாது. குழந்தைகளோ வயதானவர்களோ கூட வந்தால் மட்டும் பிரைட் ஏஞ்சலின் முதல் குழாய் வரை, அதுவும் குழாய் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டு.

குளிர்காலத்தில் கணக்கு தலைகீழாகிறது. ஓய்வுக் கூடக் குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்க அடைத்துவிடுவார்கள், ஆகவே பிரைட் ஏஞ்சலும் ஹவாசுபாய் கார்டன்ஸ் வரை நீரற்ற பாதைதான். கோடையில் கொண்டாடிய சுவர் நிழல் அப்போது பனியை உருகவிடாது. மிதித்து மிதித்துக் கண்ணாடியாக இறுகிய பனிக்கட்டி, மேல் வளைவுகளில் வாரக்கணக்கில் கிடக்கும். காலணிக்கடியில் முள்பட்டை மாட்டாமல் அங்கே இறங்கியவர்கள் உட்கார்ந்தே சறுக்கி வருவதைப் பார்க்கலாம். கைபாப்பில் தொடக்கத்து மடிப்புகள் மட்டும் வழுக்கும். முகட்டுக்கு வந்துவிட்டால் வெயில் பனியை வாங்கிக்கொண்டு போயிருக்கும், செம்மண் காலில் ஒட்டும். ஜனவரி மாதத்தில் நடக்க வருகிறவர் இரண்டு லிட்டர் நீரும் முள்பட்டையும் எடுத்துக்கொண்டு யாகி பாயிண்டுப் பேருந்தில் ஏறிவிடலாம்.